அதிவேக வேட்டைத் தோட்டாக்கள்: குழல் எவ்வளவு தாங்கும், வாங்கினால் கட்டுப்படியாகுமா?

அமெரிக்காவில் வேட்டை ரைஃபிள் வாங்கப் போகிறவர் 26 நோஸ்லர் என்றோ .257 வெதர்பி மேக்னம் என்றோ ஓர் அதிவேகத் தோட்டாவின் பெயரைச் சொல்லி வாயெடுத்தால் போதும். "ஆயிரம் ரவுண்டு சுட்டால் குழல் போச்சு" என்று பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்லிவிடுவார். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஆயிரம் ரவுண்டைச் சுட்டு முடிக்க வாங்குகிறவருக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று எவரும் கேட்பதில்லை. இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை. ஆகவே இது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கானது. விலைகள் அமெரிக்கச் சந்தையை ஒட்டியவை. தோட்டா என்றால் பித்தளை உறை, பற்றவைக்கும் பிரைமர், மருந்து (வெடிமருந்து), குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்றால் குழலை விட்டு வெளியே போகும் பகுதி மட்டும்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேட்டைக்கு மட்டும் ரைஃபிளை எடுக்கிறவருக்குக் குழலின் ஆயுள் கடைசிக் கவலை. அதிவேகத் தோட்டா வேறு பல இடங்களில் விலை கேட்கிறது. அதைப் பார்க்காமல் குழலைப் பற்றி மட்டும் பயப்படுவதில் அர்த்தமில்லை.

குழலுக்குள் என்ன நடக்கிறது

குண்டு உரசி உரசித்தான் குழல் தேய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உரசலின் பங்கு சிறியது. உண்மையில் குழலைத் தின்பது வெப்பம்.

மருந்து எரியும்போது வாயுவின் வெப்பம் ஏறக்குறைய 2,500 முதல் 3,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். எஃகு 1,500 டிகிரிக்குள் உருகிவிடும். அப்படியும் குழல் உருகி ஓடாததற்குக் காரணம் நேரம் மிகக் குறைவு என்பதுதான். 24 அங்குலக் குழலைக் குண்டு கடக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகிறது. ஆயிரம் ரவுண்டு சுட்ட குழல் தன் வாழ்நாளில் வேலை செய்த மொத்த நேரம் ஒன்றரை விநாடி இருந்தால் அதிகம்.

அந்தச் சின்ன நேரத்துக்குள் குழலின் உள்தோல் மட்டும் 700 டிகிரி சொச்சத்தைத் தாண்டிப் போகிறது. அங்கே எஃகின் உள்ளமைப்பே மாறுகிறது. அடுத்த கணம் சுற்றியுள்ள உலோகம் வெப்பத்தை இழுத்துக்கொள்ள, தோல் சட்டென்று குளிர்ந்து, கடினமாகி, நொறுங்கும் தன்மைக்கு வருகிறது. வாயுவில் இருக்கும் கார்பனும் மேற்பரப்பில் ஏறுகிறது. இதே கதை நூற்றுக்கணக்கான முறை நடந்த பிறகு குழலுக்குள் பார்க்கும் கருவியான போர்ஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்தால், கோடையில் வற்றிய கண்மாய்த் தரை மாதிரி வெடிப்பு வெடிப்பாகத் தெரியும். அந்த வெடிப்புகளின் ஓரங்களை ஒவ்வொரு சூட்டிலும் வாயு பிய்த்துக்கொண்டு போகிறது.

சேதம் குழல் முழுவதும் சமமாக நடப்பதில்லை. தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால், குண்டைச் சுழல வைக்கும் உட்புரிகள் தொடங்கும் முதல் இரண்டு மூன்று அங்குலம்தான் அடி வாங்குகிறது. அதைத் தொண்டை என்பார்கள். தொண்டை அரிக்க அரிக்க, புரிகள் தொடங்கும் இடம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். குண்டு புரியைப் பிடிப்பதற்கு முன் தாவ வேண்டிய தூரம் கூடும். கடைசியில் குண்டு நேராக நுழையாமல் போக ஆரம்பிக்கும்.

மருந்தின் தன்மைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் 1890-களில் .303 தோட்டாவில் கார்டைட் என்ற மருந்தைப் போட்டபோது அதில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின் இருந்தது. எரியும் வெப்பம் அதிகம். லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளின் ஆழமில்லாத புரிகள் அதைத் தாங்கவில்லை. 1895-ல் ஆழமான புரிகளோடு லீ-என்ஃபீல்டு வந்தது. பிறகு நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்து, வெப்பம் தணிந்த கார்டைட்டைச் செய்தார்கள். நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டதும் இந்தக் கார்டைட்டைத் தயாரிக்கத்தான். உள்ளூர்க்காரர்கள் இன்றும் அதைக் கார்டைட் ஃபேக்டரி என்றே சொல்கிறார்கள்.

படி 1: வருஷத்துக்கு எத்தனை ரவுண்டு என்று எழுதிப் பாருங்கள்

தோட்டாப் பெயர்களைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சீசனுக்கு முன் குறிபார்க்கும் ஸ்கோப்பைச் சரிபார்க்க 15, 20 ரவுண்டு. வேட்டையில் நான்கைந்து. படுத்தும் உட்கார்ந்தும் பழக இன்னொரு 20. ஆக 45-க்குள் முடிந்துவிடும். ஆயிரம் ரவுண்டு ஆயுள் உள்ள குழல் இந்தக் கணக்கில் 20 வருஷத்துக்கு மேல் ஓடும்.

அதே ரைஃபிளோடு மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போய் 30 ரவுண்டு சுடுகிறவர் வருஷத்துக்கு 360 தாண்டுகிறார். அவருக்கு அதே குழல் மூன்று வருஷம் ஓடினால் அதிகம். தென் டக்கோட்டா, வயோமிங் பக்கம் பிரெய்ரி டாக் என்ற வளை தோண்டும் சிறு விலங்கைச் சுடப் போகிறவர்கள் கதை இன்னும் மோசம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடுவார்கள். குழல் ஆறவே ஆறாது.

பணக் கணக்கையும் இதே தாளில் போடுங்கள். நல்ல குழல் வாங்கி, துப்பாக்கி வேலை செய்யும் கன்ஸ்மித்திடம் கொடுத்துப் பொருத்தி முடிக்கச் சுமார் 800 டாலர் என்று வையுங்கள். ஆயிரம் ரவுண்டுக்கு அது சூடு ஒன்றுக்கு 80 சென்ட். மேக்னம் தோட்டாவின் விலையோ ஒன்றுக்கு 4 டாலரை ஒட்டி இருக்கிறது. ஆயிரம் சுடத் தோட்டாவுக்கே 4,000 டாலர் போகும். 4,000 டாலரைப் புகைத்துவிட்டு 800 டாலருக்கு வருத்தப்படுவது எனக்குப் புரிந்ததில்லை.

படி 2: ஓவர்போர் கணக்கு

எந்தத் தோட்டா குழலை வேகமாகத் தின்னும் என்பதைப் பெயரையோ விளம்பரத்தையோ பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. உறைக்குள் எவ்வளவு மருந்துக்கு இடம் இருக்கிறது, அது எவ்வளவு குறுகலான துளை வழியாகப் போக வேண்டும் என்ற இரண்டையும் வகுத்தால் போதும். பெரிய உறை, சிறிய துளை என்றால் ஓவர்போர்.

உறையின் கொள்ளளவைத் தண்ணீர் நிரப்பி கிரெய்ன் கணக்கில் எடுப்பார்கள். ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம். தோட்டாவைத் தானே நிரப்புகிறவர்களுக்கான ரீலோடிங் கையேடுகளில் இந்த எண் இருக்கும். அங்குலத்தில் உள்ள குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, பிறகு 0.785-ஆல் பெருக்கினால் துளையின் பரப்பு சதுர அங்குலத்தில் வந்துவிடும். கொள்ளளவைப் பரப்பால் வகுங்கள்.

.308 வின்செஸ்டர்: கொள்ளளவு சுமார் 56 கிரெய்ன், பரப்பு 0.0745. விடை 750. .223-ம் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும். 6.5 கிரீட்மோர் 950-ஐத் தொடும். .270 வின்செஸ்டர், .22-250, .243 மூன்றும் 1,100-ஐ ஒட்டி. .300 வின்செஸ்டர் மேக்னமும் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமும் 1,200-க்கும் 1,300-க்கும் பக்கத்தில். .264 வின்செஸ்டர் மேக்னம் 1,500. .257 வெதர்பி 1,600. 26 நோஸ்லர் 1,700. அதாவது .308-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

உறைக்கு உறை கொள்ளளவு கொஞ்சம் மாறும் என்பதால் கடைசி இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 1,000-க்குள் இருந்தால் நிம்மதி, 1,300 வரை சாதாரண எச்சரிக்கை போதும், 1,500 தாண்டினால் ஒவ்வொரு ரவுண்டையும் எண்ணிச் சுடுங்கள். எனக்கு இவ்வளவு பிரிவினை போதுமானதாக இருக்கிறது.

.220 ஸ்விஃப்ட் இதில் ஒரு சுவையான வழக்கு. 1935-ல் வின்செஸ்டர் அதைக் கொண்டுவந்தபோது 48 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 4,110 அடி வேகத்தில் போனது. அந்தக் காலத்துக்கு நம்ப முடியாத வேகம். குழலை எரிக்கிறது என்ற கெட்ட பெயரும் கூடவே வந்தது. அதைச் சமாளிக்க வின்செஸ்டர் ஸ்டெயின்லெஸ் எஃகுக் குழல்களையும் போட்டது. ஆனால் அதே காலிபரில் (துளை அளவில்) பின்னால் வந்த .22-250-ன் கொள்ளளவு ஸ்விஃப்ட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு. 1965-ல் ரெமிங்டன் அதைத் தொழிற்சாலைத் தோட்டாவாக்கியது, எல்லோரும் வாங்கினார்கள், யாரும் அவ்வளவாகப் பழிக்கவில்லை. கெட்ட பெயரில் பாதி, ஸ்விஃப்ட்டைச் சுட்டவர்கள் அதைச் சூடாறவே விடாமல் சுட்டதால் வந்தது.

படி 3: கூடுதல் வேகம் உங்களுக்கு எதைக் கொடுக்கிறது

இதில்தான் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

முதல் லாபம் தட்டையான பாதை. 200 கஜத்தில் ஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டால், 400 கஜத்தில் .308-ன் குண்டு இரண்டடியை ஒட்டிக் கீழே விழும். .257 வெதர்பி சுமார் 15 அங்குலம் விழும். மானின் மார்பில் எட்டு அங்குல வட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, அதன் நடுவில் குறிவைத்தே எவ்வளவு தூரம் சுடலாம் என்று பார்த்தால் .308-க்கு 280 கஜத்தை ஒட்டியும், .257 வெதர்பிக்கு 350-ஐ ஒட்டியும் வரும்.

வயோமிங்கின் வெட்டவெளியில் பிராங்ஹார்ன் மானைத் துரத்திய தலைமுறைக்கு அந்த 70 கஜம் பெரிய விஷயம். 1990-களுக்கு முன் லேசர் தூரமானி சாதாரண வேட்டைக்காரர் கையில் கிடையாது. மரமோ வேலியோ இல்லாத புல்வெளியில் 300 கஜமா 380 கஜமா என்று கண்ணால் சொல்வது கடினம். தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் காப்பாற்றும் தோட்டா வேண்டியிருந்தது. 1940-களில் ராய் வெதர்பி செய்த .257-ம், 1950-களின் கடைசியில் வின்செஸ்டர் கொண்டுவந்த .264-ம் அந்தத் தேவைக்குப் பிறந்தவை.

இன்று இருநூறு முந்நூறு டாலருக்குத் தூரமானி கிடைக்கிறது. 387 கஜம் என்று அது சொன்னால், ஸ்கோப்பின் டரெட்டை (குறியின் உயரத்தை மாற்றும் குமிழை) அதற்கேற்பத் திருப்பிச் சுட்டுவிடலாம். குண்டு 15 அங்குலம் விழுந்தாலும் 24 அங்குலம் விழுந்தாலும் வேலை ஒன்றுதான். அதனால் தட்டையான பாதையின் மதிப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. மான் சட்டென்று எழுந்து ஓடப் பார்க்கும்போது, தூரம் பார்க்க நேரமில்லாத சூட்டில் மட்டும் அது இன்னும் உதவும்.

காற்று அப்படியில்லை. குண்டு போகும் வழி முழுவதும் வீசும் பக்கக் காற்றின் வேகத்தை அளந்து சொல்ல நம்பகமான கருவி கைக்குள் இல்லை. வேகமான குண்டு காற்றில் குறைவாக விலகும் என்று நினைப்போம். குண்டின் வடிவமும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கிறது. 6.5 கிரீட்மோரின் நீளமான 143 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 2,700 அடியில் கிளம்புகிறது. .257 வெதர்பியின் 110 கிரெய்ன் குண்டு 3,400 அடிக்கு மேல் கிளம்புகிறது. 400 கஜத்தில் அதே காற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விலகும். கிரீட்மோரின் உறைக்குள் போகும் மருந்தும் மிகவும் குறைவு. இந்த ஒப்பீட்டைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி விலை. உதை முதலில். எட்டு பவுண்டு ரைஃபிளில் 6.5 கிரீட்மோர் தோளில் தட்டுவது தெரியும், அவ்வளவுதான். .300 வின்செஸ்டர் மேக்னம் ஏறக்குறைய இரண்டு மடங்கு உதைக்கும். உதைக்குப் பயந்து ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்கிறவருக்கு எந்த வேகமும் உதவாது. உதையைக் குறைக்கக் குழல் வாயில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் மசில் பிரேக் போட்டால் சத்தம் காதைக் கிழிக்கும். ரைஃபிள் சத்தம் இயல்பாகவே 160 டெசிபலைத் தாண்டும், 140-லேயே காது கெட ஆரம்பிக்கும். வேட்டைக்காட்டிலும் காதடைப்பான் இல்லாமல் பிரேக் வைத்த ரைஃபிளைச் சுடாதீர்கள். பக்கத்தில் நிற்கிற வழிகாட்டிக்கும் காது இருக்கிறது.

அப்புறம் இறைச்சி. சாதாரண ஈயக் குண்டு 60 கஜத்தில் 3,200 அடி வேகத்தோடு தோள் எலும்பில் மோதினால் வெடித்துச் சிதறும். உள்ளே போகாமல் மேலேயே நின்று, தோள்பட்டை இறைச்சியையும் பாழாக்கும். இந்த வேகத்துக்கென்று உறுதியான குண்டு வேண்டும். 1948-ல் விற்பனைக்கு வந்த நோஸ்லர் பார்ட்டிஷன், 1989-ல் வந்த முழுச் செம்புக் குண்டான பார்ன்ஸ் எக்ஸ், பிறகு வந்த, ஈயமும் மேலுறையும் ஒட்டிய பாண்டட் வகைகள் எல்லாம் இதற்காகத்தான். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்பதால் அங்கே செம்பைத் தவிர வேறு வழியுமில்லை. செம்புக் குண்டுக்கும் அதிவேகத் தோட்டாவுக்கும் நல்ல பொருத்தம், அதையும் சொல்லிவிட வேண்டும். செம்பு விரிய வேகம் தேவை.

படி 4: தோட்டாவைத் தேர்ந்தெடுத்தல்

வேட்டைக்குப் போதுமான துல்லியம் எவ்வளவு ரவுண்டு வரை இருக்கும் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தோராயம் இது. .308, .223 ஆகியவை 5,000-ம் அதற்கு மேலும். 6.5 கிரீட்மோர் 2,000 முதல் 3,000. .243, .22-250 இரண்டும் 1,500 முதல் 2,500. 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் 1,200 முதல் 2,000. .264-ம் .257 வெதர்பியும் 1,000 முதல் 1,500. 26 நோஸ்லர், 6.5-300 வெதர்பி போன்றவை 1,000-க்குள். போட்டிக்காரர் இதில் பாதியிலேயே குழலைக் கழற்றிவிடுவார். அவர் அளவுகோல் வேறு. 100 கஜத்தில் ஒன்றரை அங்குலக் கொத்து (குண்டுகள் விழுந்த பரப்பின் அகலம்) போடும் குழல் 300 கஜத்தில் நாலரை அங்குலத்துக்குள் போடும். மானுக்கு அது தாராளம்.

300 கஜத்துக்குள் மான் மட்டும்தான் என்றால் 6.5 கிரீட்மோர், .308, .270 மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். வெட்டவெளியில் பிராங்ஹார்ன், மியூல் டீர் என்றால் 2018-ல் வந்த 6.5 பிஆர்சி எனக்குப் பிடித்த நடுவழி. 143 கிரெய்ன் குண்டை 2,960 அடியில் அனுப்பும், குழலையும் ஓரளவு விட்டுவைக்கும். எல்க் போன்ற பெரிய விலங்குக்கு 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமோ .300 வின்செஸ்டர் மேக்னமோ. பிரெய்ரி டாக் சுட வேண்டுமென்றால் முக்கால்வாசிச் சூட்டை .223-ல் முடித்துவிட்டு, தூரத்தில் இருப்பதற்கு மட்டும் .22-250-ஐ எடுங்கள்.

.257 வெதர்பி, 26 நோஸ்லர் வாங்கவே கூடாதா? வாங்கலாம். வருஷத்துக்கு 50-க்குள் சுடுகிறவர், உதையைத் தாங்குகிறவர், தோட்டாவை இரண்டு மூன்று வருஷத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்கிறவர் என்றால் நன்றாகவே வாங்கலாம்.

சேர்த்து வாங்கி வைப்பதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். மொன்டானாவின் சின்ன ஊர்க் கடை அலமாரியில் .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் இருக்கும். 26 நோஸ்லர் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். விமானத்தில் போனால் பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்கள் செக்-இன் பெட்டியில் 11 பவுண்டு வரைதான் தோட்டா அனுமதிக்கின்றன. அந்தப் பெட்டி தொலைந்தால் வேட்டையும் போச்சு.

.264 வின்செஸ்டர் மேக்னத்தின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. 26 அங்குலக் குழலில் 140 கிரெய்ன் குண்டு 3,200 அடி என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். குழலை 24 அங்குலமாக வெட்டியதும் அந்த வேகம் போனது. இன்று தொழிற்சாலைத் தோட்டாவுக்குச் சொல்லும் வேகம் 3,030 அடிதான். 1962-ல் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் வந்தது. கனமான குண்டு, குழல் தின்னும் பெயரும் குறைவு. மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். குழல் தேய்வதைவிட, கொடுத்த வாக்கு நடைமுறையில் கிடைக்காததுதான் .264-ஐ அதிகம் அடித்தது என்பது என் கணிப்பு.

படி 5: குழலின் நீளம், ட்விஸ்ட், எஃகு

ஓவர்போர் தோட்டாவுக்கு 26 அங்குலம் வேண்டும். அதைவிடக் குறைத்தால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் விநாடிக்கு 30 அடியோ கூடவோ இழப்பீர்கள். 22 அங்குலக் குழலில் 26 நோஸ்லரைச் சுடுவது மருந்தை வெளியில் எரித்துச் சத்தமாக மாற்றும் வேலை. சத்தத்தைக் குறைக்கும் சப்ரெஸர் வேறு போட்டால் இன்னும் ஆறேழு அங்குலம் கூடும், மரங்களுக்கு நடுவே நுழையக்கூட முடியாது. 2025-ல் ஃபெடரல் வெளியிட்ட 7 மி.மீ. பேக்கன்ட்ரி இந்தச் சிக்கலை வேறு வழியில் தாக்குகிறது. எஃகு உறை, 80,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தம், 20 அங்குலக் குழலிலேயே 170 கிரெய்ன் குண்டுக்கு 3,000 அடி.

ட்விஸ்ட்டைக் கட்டாயம் பாருங்கள்; உட்புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எடுக்கும் நீளம் அது. பழைய .257 வெதர்பி ரைஃபிள்களில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .22-250-ல் பெரும்பாலும் 14-க்கு ஒன்று. இப்போதைய நீளமான குண்டுகள் அதில் நிலையாகப் பறக்காது. 6.5 காலிபரில் 8-க்கு ஒன்று இருந்தால் எதையும் சுடலாம்.

எஃகில் குரோம்-மாலி, 416ஆர் ஸ்டெயின்லெஸ் என்று இரண்டு பக்கம். ஸ்டெயின்லெஸ் தொண்டை அரிப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்பது பரவலான அனுபவம், பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். கார்பன் ஃபைபர் சுற்றிய குழலை எடைக்காக வாங்குங்கள். உள்ளே தொண்டையில் இருப்பது அதே எஃகுதான்.

படி 6: சூடாற விடுதல்

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளத் தயார் என்றால் இதை மாற்றுங்கள். ஆறிய குழலில் ஒவ்வொரு சூடும் சாதாரண வெப்பநிலையிலிருந்து ஏறுகிறது. ஏற்கெனவே 100 டிகிரியைத் தாண்டிய குழலில் அங்கிருந்து ஏறுகிறது, உச்சமும் அதற்கேற்ப உயர்கிறது, ஆறுவதும் தாமதமாகிறது. அரிப்பு அதனால் பல மடங்கு வேகப்படும்.

மூன்று ரவுண்டு. போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலி என்று பார்த்து, ரைஃபிளைக் குழல் மேல்நோக்கி நிழலில் நிறுத்துங்கள். பத்து நிமிஷமாவது ஆகட்டும். கையால் குழலைப் பிடித்து ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அடுத்த ரவுண்டைப் போடாதீர்கள். வேட்டையில் முக்கியம் ஆறிய குழலின் முதல் சூடுதான். வெந்துபோன குழலில் பத்து ரவுண்டுக் கொத்து எங்கே விழுகிறது என்பது மானுக்குத் தேவையில்லாத தகவல்.

காத்திருக்கும் நேரத்துக்கு இன்னொரு ரைஃபிளைக் கொண்டுபோங்கள். ஒரு .22 ரிம்ஃபயரோ .223-யோ போதும். ட்ரிக்கர், மூச்சு, படுக்கும் நிலை எல்லாம் அதிலேயே பழகிவிடும்.

படி 7: மருந்தும் ரீலோடிங்கும்

தொழிற்சாலைத் தோட்டா சுடுகிறவர் இந்தப் படியைத் தாண்டலாம்.

தானே தோட்டா நிரப்புகிறவருக்கு இரண்டு விஷயம். கையேட்டின் உச்ச அளவுக்குப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. 100 அடி வேகத்தை விட்டுக்கொடுத்தால் 400 கஜத்தில் விழுச்சி ஓரிரு அங்குலம்தான் கூடும், தொண்டைக்கு அது பெரிய நிவாரணம். நைட்ரோகிளிசரின் கலந்த டபுள் பேஸ் மருந்து கொஞ்சம் கூடுதல் வேகம் தரும், பொதுவாகச் சூடாகவும் எரியும். ஓவர்போரில் மெதுவாக எரியும் சிங்கிள் பேஸ் மருந்தை நான் விரும்புவேன். அளவெல்லாம் மருந்துக் கம்பெனியின் கையேட்டில் இருப்பதை மட்டும் எடுங்கள், நண்பர் சொன்னார் என்று எதையும் நிரப்பாதீர்கள்.

படி 8: சுத்தம்

அதிகமாகத் தேய்த்துக் குழலைக் கெடுத்தவர்களும் உண்டு, தொடாமலே விட்டுத் துருவுக்குக் கொடுத்தவர்களும் உண்டு. வேட்டை ரைஃபிளைப் பொறுத்தவரை இரண்டாவது கூட்டம் பெரியது. பனியிலும் மழையிலும் சுற்றிவிட்டு வந்து ஈரத்தோடு ஃபோம் பெட்டியில் பூட்டி வைத்தால், ஆயிரம் ரவுண்டு செய்யாத சேதத்தைத் துரு ஒரு குளிர்காலத்தில் செய்துவிடும்.

துடைக்கும் கம்பியை நேராக வழிநடத்தும் போர் கைடு போட்டு, சேம்பர் பக்கமிருந்தே கம்பியை விடுங்கள். கவனிக்க வேண்டியது கார்பன் வளையம். உறையின் வாய் முடியும் இடத்துக்கு முன்னால் கார்பன் கெட்டியாகப் படிந்து வளையம் கட்டும். நிறைய மருந்து எரிக்கும் தோட்டாக்களில் இது சீக்கிரம் வரும். அழுத்தம் ஏறும், போல்ட் இறுகும், வேகம் தாறுமாறாகும். பலர் இதைக் குழல் செத்ததாக நினைத்து மாற்றியே விடுகிறார்கள். கார்பன் கரைப்பானில் ஊறவைத்து வெண்கலப் பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். ஃபோனில் மாட்டும் போர்ஸ்கோப் இப்போது 100 டாலருக்குள் கிடைக்கிறது. போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

படி 9: குழல் முடிந்துவிட்டதா என்று கண்டறிதல்

கொத்து விரிகிறது என்றால் குழல்மேல் பழி போடுவதற்கு முன் ஸ்கோப் ரிங் திருகுகள், போல்ட் இயங்கும் பகுதியான ஆக்‌ஷன் திருகுகள், குழல் வாயில் அடிபட்ட தடம், செம்புப் படிவு, தோட்டாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாற்றம், கார்பன் வளையம் என்று வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலான வழக்குகள் இதிலேயே முடிந்துவிடும்.

இவையெல்லாம் சரி, இன்னும் கொத்து விரிகிறது என்றால் எண்களைப் பாருங்கள். இதற்குத்தான் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு வேண்டும். தேதி, எத்தனை ரவுண்டு, எந்தத் தோட்டா, வேகம், கொத்து. 2023-ல் வந்த கார்மின் ஸீரோ போன்ற சின்ன ரேடார் கருவியால் வேகம் அளப்பது எளிதாகிவிட்டது. அதே தோட்டா, அதே வானிலை, வேகம் மட்டும் 50 முதல் 100 அடி குறைந்திருக்கிறது என்றால் தொண்டை நகர்ந்திருக்கிறது. புரி தொடங்கும் தூரத்தை அளக்கும் கேஜ் வைத்திருப்பவர், புதுக் குழலில் எடுத்த அளவோடு ஒப்பிடலாம். ஐந்து ரவுண்டில் ஒன்று மட்டும் காரணமில்லாமல் விலகிப் போய் விழுவதும், முன்னைவிடச் செம்பு அதிகம் படிவதும் கூடவே வரும்.

போர்ஸ்கோப்பில் வெடிப்பு தெரிகிறது என்பதற்காக மட்டும் குழலை மாற்றாதீர்கள். சில நூறு ரவுண்டிலேயே வெடிப்பு தெரிய ஆரம்பிக்கும். அப்படித் தெரிந்த பிறகும் நன்றாகச் சுடும் குழல்கள் ஏராளம்.

படி 10: புதுக் குழல்

முதலில், வெட்டி மறுபடி சேம்பர் போட முடியுமா என்று கன்ஸ்மித்திடம் கேளுங்கள். பின்பக்கம் ஒரு அங்குலம்போல வெட்டி, புதுத் தொண்டை போடலாம். கனமான போட்டிக் குழலுக்கு இது சரி. மெல்லிய வேட்டைக் குழலிலும், அரிப்பு நீளமாகப் போய்விட்ட ஓவர்போர் குழலிலும் கூலிக்குக்கூடக் காணாது. புதுக் குழலே மேல்.

மாற்றும்போது தோட்டாவையும் மாற்ற வாய்ப்பு இருக்கிறது. 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம், .264, 6.5 பிஆர்சி எல்லாம் ஒரே போல்ட் முகத்தில் (உறையின் அடி பொருந்தும் இடத்தில்) உட்காருபவை. .264-ஐத் தீர்த்தவர் அதே ஆக்‌ஷனில் 7 மி.மீ.-க்கோ .300-க்கோ போகலாம். மேகசின் நீளம் ஒத்துவருகிறதா என்பதை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விஸ்கான்சினின் கிரீகர், பார்ட்லைன், டெக்சஸின் ஷைலன், மொன்டானாவின் லில்யா போன்ற பெயர்பெற்ற குழல்களுக்குக் காத்திருப்பு மாதக் கணக்கில் போகும். கன்ஸ்மித்தின் வரிசை அதற்கு மேல். இலையுதிர் கால சீசனுக்கு வேண்டுமென்றால் ஜனவரியிலேயே சொல்லிவிடுங்கள். கைக்கு வந்த பிறகும் அவசரப்பட்டு டரெட் அட்டவணை எழுத வேண்டாம். புதுக் குழலில் முதல் 100, 150 ரவுண்டுக்குள் வேகம் பல சமயம் 30, 50 அடி கூடிவிட்டு அப்புறம்தான் ஒரு நிலைக்கு வரும். அட்டவணையை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளுங்கள்.